சாளைமீனும் இரண்டு சந்தேகங்களும்

அவள் கை நின்றது. நான் பார்த்தேன். சாளைமீனை எடுத்து அரிவாள்மணையில் கொடுத்துத் தலையை அறுத்துச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்த கை, அடுத்த மீனை எடுத்தது, ஆனால் அறுக்கவில்லை, அந்தரத்தில் அப்படியே நின்றது. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி அறுத்தது, போட்டது, அடுத்ததை எடுத்தது. இப்போது சாப்பிட்டுக் கை கழுவி, வாயில் கொஞ்சம் சோம்பைப் போட்டு மென்றுகொண்டு கட்டிலில் வந்து படுத்து, மின்விசிறியின் கிறீச்சுக்குக் கீழே கண்ணை மூடியும் ஆயிற்று, அந்தக் கை மட்டும் விரலிடுக்கில் மீனோடு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. குழம்பு ருசியாகத்தான் இருந்தது. இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிடும்போது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதில் ஒன்றும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் பார்க்கிற அதே முகம், உப்பு போதுமா என்று கேட்கிற முகம். சுகிர்தத்தின் முகத்தைப் பார்த்து எதையாவது கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்கிறவன் ஏமாந்துதான் போவான். சரியான அழுத்தக்காரி. முகத்தைப் பழக்கி வைத்திருக்கிறாள், கையைப் பழக்க மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்புறம், சும்மா இரு ஆசீர்வாதம், மீன் முள் குத்தியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாளையில் என்ன பெரிய முள். சரி, பெனிட்டா அப்போது என்ன சொல்லிக்கொண்டிருந்தாள் என்று யோசித்துப் பார்க்கலாம். எங்களுக்கு ஒரே மகள், சென்னையில் வேலை பார்க்கிறாள், சனிக்கிழமை காலையில் போன் பண்ணுவாள். எனக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது, வலது காது அதன் இஷ்டத்துக்குக் கேட்கும், ஆகவே ஸ்பீக்கரில் போடாமல் பேச முடியாது. இந்த வீட்டில் பின்வாசலைத் தவிர வேறெங்கும் சிக்னல் கிடையாது. பின்வாசலில் சுகிர்தம் எப்போதும் எதையாவது செய்துகொண்டிருப்பாள், மீன் அறுப்பாள், துணி அலசுவாள், ஒன்றும் இல்லையென்றால் முருங்கைக்கீரை உருவுவாள். அவளுக்கு முன்னால்தான் பேசியாக வேண்டும், அவளுக்குத் தெரியவும் கூடாது. அதற்குத்தான் இங்கிலீஷ். பெனிட்டாவும் அவள் புருஷன் ஆல்வினும் பிரிந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, கேஸ் குடும்ப நீதிமன்றத்தில் கிடக்கிறது, அது என் மகளுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். சுகிர்தத்தின் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அதிர்ச்சி தருகிற மாதிரி எதையும் இவர்களிடம் கொஞ்ச நாளைக்குச் சொல்லாதீர்கள் என்றார். அவரும் அவளுக்கு முன்னால் இங்கிலீஷில்தான் பாதியைச் சொன்னார், மீதிக்குத்தான் என்னை வெளியே கூப்பிட்டார். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய வாரத்தில்தான் பெனிட்டா பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போனாள். மாப்பிள்ளை ஆபீஸ் வேலையாக ஜெர்மனி போயிருக்கிறார், திரும்பி வர நாளாகும், பிள்ளை தனியாக அவ்வளவு பெரிய வீட்டில் எதற்கு என்று ஹாஸ்டலில் சேர்ந்திருக்கிறாள் என்று நான்தான் சொன்னேன். சுகிர்தம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அங்க குளிரா இருக்குமே என்றாள். ஆமா குளிர்தான் என்றேன். அப்படியே நம்பிவிட்டாள் என்று அன்றைக்கு எனக்கு எவ்வளவு நிம்மதி.

இங்கிலீஷ் என்றால் சும்மா இங்கிலீஷ் இல்லை, வடிகட்டிய இங்கிலீஷ். டைவர்ஸ் என்ற வார்த்தை சுகிர்தத்துக்கும் தெரியும், மீன் கொண்டுவருகிற அம்மாவுக்கும் தெரியும். கோர்ட், கேஸ், வக்கீல் நோட்டீஸ், ஒன்றையும் வாயில் எடுக்கக் கூடாது என்று முதல் நாளே மகளிடம் சொல்லிவிட்டேன். கோர்ட் என்பதற்கு 'தட் பில்டிங்', ஆல்வினுக்கு 'தி ஜென்டில்மேன்', வக்கீலம்மாவுக்கு 'யுவர் ஃப்ரெண்ட்'. இந்தச் சாமர்த்தியத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. எங்கள் குடும்பத்துக்கே இது பழக்கம். சுகிர்தத்தைப் பெண் பார்க்கப் போன அன்றைக்கு, அவள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு நிற்கும்போதே என் பெரியப்பா முறுக்கைக் கடித்துக்கொண்டு என் அப்பாவிடம் பெண்ணின் நிறத்தைப் பற்றி இங்கிலீஷில் நாலு வார்த்தை சொன்னார், அப்பாவும் பரவாயில்லை என்று இங்கிலீஷிலேயே சொன்னார். பெண் வீட்டார் ஏதோ பெரிய விஷயம் பேசுகிறார்கள் என்று மரியாதையாகச் சிரித்தார்கள். அவளும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இன்று காலையில் பெனிட்டா சொன்னது இதுதான்: அந்த ஜென்டில்மேன் அந்தக் கட்டடத்தில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் என் முகத்தை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை அப்பா. சொல்லிவிட்டு நீளமாக ஒரு மூச்சு விட்டாள். அப்போதுதான் கை நின்றது. 'ஃபேஸ்' அவளுக்குத் தெரிந்திருக்கும், பவுடர் டப்பாவில் வருகிற வார்த்தை. 'லுக்' தெரிந்திருக்கும், அதைத் தெரியாதவர் யார். இரண்டையும் வைத்துக்கொண்டு கோர்த்துவிட்டாளா? இல்லை, வார்த்தை ஒன்றுமே வேண்டாமா, பெற்றவளுக்குப் பிள்ளையின் மூச்சு போதுமா? அப்படிச் சொல்லி மனதை ஆற்றிக்கொள்ளலாம்தான். ஆனால் மூச்சைக் கேட்டுக் கை நின்றிருந்தால் அவள் நிமிர்ந்து போனைப் பார்த்திருப்பாள், பிள்ளை அழுதாளா என்று என்னிடம் கேட்டிருப்பாள். கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் என்னைக் குடைகிறது.

கொலுசுச் சத்தம். வருகிறாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன், அப்புறம் இறுக்க மூடினால் தூங்குகிற மாதிரி இருக்காதே என்று தளர்த்தினேன். பக்கத்தில் வந்து நின்றாள். "தூங்கலியா?" என்றாள். தூங்குகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது. "கண்ணு ஆடுதே," என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு ஜன்னல் கதவைச் சாத்தினாள், வெயில் என் கால்மேல் விழுந்துகொண்டிருந்தது போல. போய்விட்டாள். பார்த்தீர்களா, எல்லாவற்றையும் கவனிக்கிறாள். நான் நடிக்கிறேன் என்று தெரிந்தும் என் நடிப்பைக் கெடுக்காமல் போகிறாள். இப்படி எதை எதையெல்லாம் கெடுக்காமல் விட்டிருக்கிறாளோ. இன்று சாயங்கால இங்கிலீஷ் வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் எடுக்க வேண்டிய ஜோடி டவுட்டும் சஸ்பெக்ட்டும். பேங்க் பரீட்சை எழுதுகிற பிள்ளைகள், இந்த முன்னறையிலேதான் பாயை விரித்து உட்காருவார்கள், ஆளுக்கொரு ஜோடி வார்த்தையில் தினமும் தடுக்கி விழுவார்கள். தமிழில் இரண்டுக்கும் சந்தேகம் என்று ஒரே வார்த்தையைச் சொல்லிவிடுகிறோம், அதனால்தான் விழுகிறீர்கள் என்பேன். அவளுக்கு இங்கிலீஷ் தெரியும் என்று 'ஐ டவுட்' என்றால் தெரியாது என்று நினைக்கிறேன். அவளுக்கு இங்கிலீஷ் தெரியும் என்று 'ஐ சஸ்பெக்ட்' என்றால் தெரியும் என்று நினைக்கிறேன். ஒரே ஆள் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு ஒரே மத்தியானத்தில் இரண்டையும் நினைக்கலாமா என்று எந்தப் பேங்க்காரனும் கேட்கப்போவதில்லை.

எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்ட பெண். தமிழ்ப் பள்ளிக்கூடம், நாசரேத்துப் பக்கம். பஸ்ஸின் நெற்றியில் இங்கிலீஷில் ஊர் எழுதியிருந்தால் என்னிடம்தான் கேட்பாள். யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? பக்கத்து வீட்டு ரோசலின் டீச்சர் மேல் எனக்கு எப்போதுமே ஒரு கண் உண்டு. ரிட்டையரான நாளிலிருந்து அந்த அம்மாளுக்குப் பொழுது போகவில்லை, மதில்மேல் கையை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் இவளோடு பேசுகிறாள், நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. என்ன பேசினீங்க என்றால், "புளிச்சோறு பத்தித்தான், வேற என்ன," என்கிறாள் சுகிர்தம். புளிச்சோற்றைப் பற்றி மணிக்கணக்கில் பேச என்ன இருக்கிறது. சர்ச்சுக்குப் புதுப் பாதிரியாராக ஒரு ஐயர் வந்ததிலிருந்து அவர் மனைவி பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் பாதி இங்கிலீஷில்தான் பேசுகிறாளாம், இவளும் தவறாமல் போகிறாள். போனில் என்னென்னவோ வீடியோ வருகிறது, பார்த்தால் கோலமாவும் கருவாடும், அதற்கு நடுவில் என்ன பார்க்கிறாள் என்று யாருக்குத் தெரியும். இல்லையென்றால் பெனிட்டாவேதான். நான் இல்லாத நேரம் பார்த்து அம்மாவிடம் எல்லாவற்றையும் தமிழில் கொட்டிவிட்டு, சனிக்கிழமை காலையில் எனக்காக இங்கிலீஷில் நாடகம் போடுகிறார்களா இரண்டு பேரும்? இதை நினைத்ததும் சுருக்கென்றது. இந்த ஒரு வருஷம் என் மகளும் நானும் முன்னெப்போதும் இல்லாதபடி பேசினோம். எல்லாவற்றையும் என்னிடம் சொன்னாள். ஆல்வின் தன்னைப் பார்த்த பார்வை, பார்க்காத பார்வை, சாப்பாட்டு மேசையில் பேசாமலே கழிந்த ராத்திரிகள். அவள் அம்மாவிடம் சொல்லாததை என்னிடம் சொல்கிறாள் என்பதில் எனக்கொரு பெருமை இருந்தது என்று இப்போது தெரிகிறது. இன்னொருவனிடம் இருப்பது நமக்கு இல்லையே என்றால் என்வி, நம்மிடம் இருப்பது போய்விடுமோ என்றால் ஜெலஸி, போன வாரம்தான் எடுத்தேன். எனக்கு இப்போது வந்திருப்பது இரண்டாவது.

ஒரு தடவை சோதித்தும் பார்த்தேன். காலையில் மகள் போனை வைத்தபிறகு, வைக்காதது மாதிரி இன்னும் இரண்டு நிமிஷம் பேசினேன், இங்கிலீஷில், சாதாரணக் குரலில், பூனை வந்து மீன் சட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று. பூனை கிடையாது. சுகிர்தம் திரும்பவில்லை. நிமிரவும் இல்லை. அப்பாடா என்றிருந்தது. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து, அவள் காலால் சட்டியைத் தன் பக்கம் மெல்ல நகர்த்திக்கொண்டாள். எட்டவில்லை என்று நகர்த்தினாளா, பூனைக்காக நகர்த்தினாளா? எட்டாமல் இருந்திருந்தால் முதலிலேயே நகர்த்தியிருப்பாளே. மற்றவர்கள் வீட்டில் மனைவியைப் பற்றிச் சந்தேகம் என்றால் அதற்கு ஒரு லட்சணம் இருக்கும், கேட்கிறவன் காதும் கூராகும். என் மனைவிக்கு இங்கிலீஷ் தெரியுமோ என்று சந்தேகமாக இருக்கிறது என்று போய்ச் சொன்னால் என்னை எங்கே கொண்டுபோய் விடுவார்களோ.

புரண்டு படுத்தேன். புரண்டால் எதிரே திரை. முன்னறைக்கும் அடுக்களைக்கும் நடுவில் கதவு கிடையாது, வீடு கட்டும்போது கதவுக்கு ஆன செலவைக் கரும்பலகை பதிக்கப் போட்டேன், திரைத்துணிதான் தொங்குகிறது. பச்சைத் துணி, கீழ் ஓரத்தில் மஞ்சள் கறை. திரைக்கு இந்தப் பக்கம் நான் எத்தனை வருஷமாக நின்று கத்துகிறேன், பெனிட்டா பால்குடி மறக்குமுன்னே ஆரம்பித்தது. தினமும் ஒரு ஜோடி. கரும்பலகையில் எழுதி, நான் ஒரு தடவை சொல்லி, பிள்ளைகள் கோரஸாகச் சொல்லி, அப்புறம் தமிழில் அர்த்தம், அப்புறம் வாக்கியம். திரைக்கு அந்தப் பக்கம் அவள் தாளித்துக்கொண்டிருப்பாள், இல்லை சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருப்பாள். படுத்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ரோசலின் டீச்சராவது ஐயர் மனைவியாவது. சொல்லிக்கொடுத்தவன் இந்தக் கட்டிலில் அல்லவா உட்கார்ந்திருக்கிறான். ஃபீஸ் கட்டினவன் எல்லாம் வருஷம் ஒன்றில் ஓடிவிடுகிறான். இவள் ஒரு நாளும் லீவு போடாமல் எல்லா ஜோடியையும் கேட்டிருக்கிறாள், ஒரே ஜோடியைப் பத்துப் பதினைந்து தடவை கேட்டிருக்கிறாள். ஆடுமாடாக இருந்தால்கூட அதற்குள் 'பிட்வீன்' எது, 'அமங்' எது என்று சொல்லியிருக்கும். இது எனக்குத் தோன்றவே இல்லை. எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போடுகிறவளுக்குக் கேட்கும் என்று ஜன்னலைச் சாத்தச் சொல்லியிருக்கிறேன், திரைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்கிறாள் என்று தோன்றவில்லை.

அதுவும் நான் சொன்ன இங்கிலீஷ் வாக்கியங்கள். வீட்டு உதாரணம் சொன்னால்தான் பிள்ளைகள் மனதில் நிற்கும் என்பது என் முறை. ஹியர், லிசன் என்று வந்தால், என் மனைவி நான் சொல்வதை ஹியர் பண்ணுவாள், லிசன் பண்ணமாட்டாள் என்பேன், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இன்னொசென்ட், இக்னரன்ட் என்று வந்தால் அதற்கும் அவள்தான். அலோன், லோன்லி என்று வந்தபோது என்ன சொன்னேன்? கல்யாணத்துக்கு முன்னால் அலோன், கல்யாணத்துக்குப் பிறகு லோன்லி என்றேன், வருஷா வருஷம் அதையே சொல்கிறேன், வருஷா வருஷம் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு அடங்கியதும் உள்ளே தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்கும். அது சாதாரணச் சத்தம்தானே, தோசை சுடுகிறவள் தண்ணீர் தெளிக்கத்தானே செய்வாள். வகுப்பு முடிந்து உள்ளே போனால், "இன்னைக்குப் பிள்ளைய ரொம்பச் சிரிச்சுதுவளே," என்பாள். ஆமா, ஒரு ஜோக் சொன்னேன் என்பேன். என்ன ஜோக் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காததை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அப்படியானால் இந்த ஒரு வருஷமும் பின்வாசலில் அவள் கேட்டிருக்கிறாள். எல்லாவற்றையும். அந்தக் கட்டடம், அந்த ஜென்டில்மேன் என்று நாங்கள் மறைத்து மறைத்துப் பேசியதையெல்லாம் மீன் அறுத்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். அம்மாவிடம் சொல்லாதே, அவள் தாங்கமாட்டாள், அவள் வெறும் அப்பாவி என்று அவளுக்கு முன்னாலேயே நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். இப்போது யோசித்தால் ஒவ்வொன்றாக வருகிறது. சாயங்கால ஜெபத்தில் அவள்தான் குடும்பத்துக்காகச் சத்தமாக வேண்டுவாள், வெளிநாட்டில் இருக்கும் எங்கள் மருமகனைப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவாரும் என்று ஆரம்பத்தில் வேண்டினாள், அப்புறம் எப்போதோ அந்த வரி நின்றுவிட்டது. மருமகன் என்று வரவேண்டிய இடத்தில் உதடு மட்டும் அசையும், சத்தம் வராது. வயசாகிறது, மூச்சு வாங்குகிறது என்று நினைத்தேன். மாப்பிள்ளை எப்போ வாராரு என்று அவள் கேட்பதும் நின்றுவிட்டது. பழகிவிட்டாள் என்று நினைத்தேன். கிறிஸ்துமஸுக்கு அவனுக்கென்று சட்டை எடுக்கவில்லை. ஆனால் இதற்கெல்லாம் வேறு காரணமும் இருக்கலாமே. சட்டை எடுக்காததற்கு அவன் ஊரில் இல்லை என்று நான் சொன்னதே காரணம். மூச்சு வாங்குவதற்கு ஸ்டென்ட் காரணம். ஒரு வருஷமாக ஒருத்தி இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு, அதுவும் அந்த நெஞ்சில், ராத்திரி பக்கத்தில் படுத்து, காலையில் எழுந்து உப்பு போதுமா என்று கேட்க முடியுமா? முடியாது. ஐ டவுட். முடியும், இவள் முடிப்பாள். ஐ சஸ்பெக்ட். ஏய், உனக்குத் தெரியுமா தெரியாதா என்று நேரே போய்க் கேட்டுவிடலாம். தெரியாமல் இருந்தால்? எது என்று கேட்பாள், கேட்டால் சொல்ல வேண்டும், சொன்னால் அந்த நெஞ்சு என்ன ஆகுமோ. நான் இத்தனை நாள் பயந்தது அதற்குத்தானே. மறுபடியும் ஆரம்பித்த இடத்திலேயே நிற்கிறேன்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கெட்ட செய்திதானே ஆகாது. நல்ல செய்தி யாரை என்ன செய்யும்? பின்வாசலுக்குப் போய், போனைக் காதில் வைத்து, இங்கிலீஷில் ஒரு நல்ல செய்தியைச் சொல்லிப் பார்க்க வேண்டும். தெரியாதவள் என்றால் அது அவள் காதுக்கு வெறும் சத்தம், ஒரு நஷ்டமும் இல்லை. தெரிந்தவள் என்றால் பிடிபட்டுவிடுவாள். துக்கத்துக்கு அவள் தயாராக இருப்பாள், பூனைக்குக்கூடத் தயாராக இருந்தாள், சந்தோஷத்துக்குத் தயாராக இருக்கமாட்டாள். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். காய்ந்த துணிகளைக் கொடியிலிருந்து எடுத்துத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தாள். "எந்திச்சாச்சா? டீ போடட்டா?" என்றாள். "இரு, பெனிட்டா கூப்பிடுதா," என்று ஸ்பீக்கர் போட மறந்தவன் மாதிரி போனை வலது காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு திரும்பி நின்றேன், அவள் முகம் தெரிகிற அளவுக்கு மட்டும் திரும்பி.

சொன்னேன். நல்ல சுத்தமான இங்கிலீஷில், வகுப்பில் சொல்வது போல நிறுத்தி நிறுத்தி. என்னம்மா சொல்கிறாய், வந்துவிட்டானா? அவனாகவே வந்தானா? மன்னிப்புக் கேட்டானா? கேஸை வாபஸ் வாங்கிவிட்டானா? இனிமேல் சேர்ந்தேதான் இருக்கப்போகிறீர்களா? அழாதே, அழாதே, சந்தோஷமான விஷயத்துக்கு யாராவது அழுவார்களா? பெயரையும் மறைக்கவில்லை, ஆல்வின் என்றே சொன்னேன். அவள் கை இந்தத் தடவை நிற்கவில்லை. என் வேட்டியை மடித்தது, அடுத்து துண்டை எடுத்தது, மடித்தது. கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், முட்டாள். அப்புறம் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் பெனிட்டா பிறந்த அன்றைக்கு ஒரு தடவை பார்த்திருப்பேனோ என்னவோ. உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முந்தானையால் வாயைப் பொத்திப் பார்த்தாள், ஒன்றுக்கும் அடங்கவில்லை, கண்ணிலிருந்து கொட்டியது, அதோடு சிரிப்பும் வந்தது. என் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு முருங்கை மரத்தைப் பார்த்தாள். தோள் குலுங்கியது. ஒரு வருஷத்துத் துக்கத்தை என் கண்ணில் படாமல் மறைத்தவளால் ஒரு நிமிஷச் சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை. பிடித்துவிட்டேன். தெரியும், அவளுக்கு எல்லாம் தெரியும், என் சந்தேகம் சரி. போனைக் காதிலிருந்து எடுக்கவே மறந்து நின்றுகொண்டிருந்தேன். போனில் யாரும் இல்லை.

இனி அதை யார் திரும்ப வாங்குவது? பொய், சும்மா சொன்னேன், ஆல்வின் வரவில்லை, வரமாட்டான், அவன் நம் பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை என்று நான் இப்போது சொல்ல வேண்டும். அந்த டாக்டர் சொன்ன அதிர்ச்சி இதுதான், ஒரு வருஷம் அதைக் கட்டிக் காத்து, கடைசியில் நானே என் கையால் செய்து வைத்துவிட்டேன். துக்கத்தைத் தெரிந்துகொண்டு சுமந்தாளே, அப்படியே விட்டிருக்கலாம். அதற்குப் பழகியிருந்தாள். சுகிர்தம் என்று கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள், துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு. எப்போதும் நான் போனை வைத்ததும் பிள்ளை என்ன சொல்லுதா என்று கேட்பாள், நான் ஏதாவது சொல்வேன். இன்று கேட்கவில்லை. முன்னறை வாசலில் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது.

"ரவை கொஞ்சம் கெடக்கு," என்றாள் என்னைப் பார்க்காமல். "கேசரி கிண்டட்டா?"

"இப்ப என்ன திடீர்னு?" என்றேன்.

"சும்மாத்தான். ஆல்வினுக்குக் கேசரின்னா உசுரு, நெனப்பு வந்துது," என்றாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் வாயில் அந்தப் பெயர் சத்தமாக வந்தது.

சொல்லிவிட வேண்டும், இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே, "சீனியைக் குறைச்சுப் போடு," என்றேன்.

"இன்னைக்கு ஒரு நா கூடட்டும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.